ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ்: கம்பி சீக்கிரம் அடங்கியதால் வந்த துள்ளல்

அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் கிட்டார் (கீழ்ச் சுரங்களுக்கான கிட்டார்) தொனி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கைவைப்பது டோன் குமிழில், அதாவது சத்தத்தின் கூர்மையைக் குறைக்கும் திருகில். பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு வாசித்துப் பார்ப்பார்கள். கூர்மை போய்விடும், சத்தம் உருண்டையாகும், ஆனால் ஜேமர்சன் வரமாட்டார். மந்தமான ஒரு பேஸ்தான் வரும். இத்தனைக்கும் ஜேமர்சன் தன் கிட்டாரின் குமிழ்களை முழுவதும் திறந்தே வைத்திருந்தார் என்றுதான் அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த உருண்டையான நாதம் எங்கிருந்து வந்தது?

கம்பியிலிருந்து. மின்சாரம் என்ற பேச்சே வருவதற்கு முன்னால், கம்பி அதிரும்போதே அங்கே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் அந்தத் தொனியை ஓரளவு நெருங்கலாம். அவர் ஏன் அப்படிப்பட்ட வரிகளை வாசித்தார் என்பதும் கூடவே விளங்கும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936-ல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். அங்கே பள்ளியில் படிக்கும்போது கையில் எடுத்தது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ். 1959 வாக்கில் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் வாசிக்க ஆரம்பித்தார். மேற்கு கிராண்ட் புலவார்டில் 2648-ஆம் எண் வீட்டில் இருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவின் வாத்தியக்காரர்களுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். அமெரிக்க வானொலியில் நாள் முழுக்க ஒலித்த பாட்டுகளுக்கு வாசித்தவர்கள் அவர்கள். ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயர் இருக்காது. 1971-ல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் ஜேமர்சனின் பெயர் ஒருவழியாக அச்சில் வந்தது. அத்தனை வருடம் அந்தப் பெயரை மறைத்து வைத்தது பெரிய அநியாயம்.

அவருடைய முக்கிய வாத்தியம் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். கடையில் எல்லோருக்கும் கிடைத்த மாடல்தான். அதில் அவர் மாட்டியிருந்த கம்பிதான் முதல் விஷயம்.

பேஸ் கம்பி என்பது நடுவில் ஒரு எஃகு இழையும் அதைச் சுற்றி இன்னொரு உலோகச் சுற்றும் கொண்டது. இன்று பெரும்பாலோர் போடுவது ரவுண்ட்வவுண்ட்: சுற்றியிருக்கும் உலோகம் உருண்டைக் கம்பி, விரலை ஓட்டினால் நரநரவென்று இருக்கும். ஜேமர்சன் போட்டது ஃபிளாட்வவுண்ட்: சுற்று தட்டையான நாடா, தொட்டால் வழவழப்பு. அதுவும் லா பெல்லா நிறுவனத்தின் கனத்த வகை. அடிக்கம்பி 0.110 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் தடிமன். தட்டை நாடாக்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்திருப்பதால் கம்பி வளையும்போதெல்லாம் உள்ளுக்குள்ளேயே உரசல் நடக்கிறது. வேகமான அதிர்வுகளின் சக்தியை அந்த உரசல் முதலில் தின்றுவிடுகிறது.

கம்பியை அவர் மாற்றவே மாட்டார், அறுந்தால் ஒழிய. அழுக்கில்தான் ஃபங்க், அதாவது இசையின் அந்தத் துள்ளல், இருக்கிறது என்று அவர் சொல்வாராம். இது வெறும் நம்பிக்கை இல்லை, இதில் இயற்பியல் இருக்கிறது. வியர்வையும் தோல்துகளும் சுற்றுகளின் இடுக்கில் இறங்கி உரசலைக் கூட்டுகின்றன, கம்பியின் எடையையும் சீரில்லாமல் கூட்டுகின்றன. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ரவையைக் குழைத்து அப்பினால் கணீர் போய்த் தடித்த நாதம் வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலையை இங்கே வருடக்கணக்கான அழுக்கு செய்கிறது.

அடுத்தது ஸ்பாஞ்ச். அந்தக் காலத்து பிரிசிஷன் பேஸில் பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதிக்கு, மேலே ஒரு குரோம் மூடி இருக்கும். மூடியின் உட்புறம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டியிருக்கும். மூடியைப் பொருத்தினால் அது கம்பிகளின் மேல் அழுந்தும். பலர் அந்த மூடியைக் கழற்றி எறிந்தார்கள். ஜேமர்சன் வைத்துக்கொண்டார்.

இந்த ஸ்பாஞ்ச் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மீட்டிய கம்பி ஒரே ஒரு விதமாக அதிர்வதில்லை. முழு நீளமும் ஒன்றாக அசைவது அடிப்படை அதிர்வு. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாக, மூன்று பங்குகளாக, நான்கு பங்குகளாகவும் அது அசைந்துகொண்டிருக்கும், இவைதான் மேற்சுரங்கள். தடித்த ஈ கம்பியின் அடிப்படை சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் மேலே 82, 124, 165 என்று ஏறிக்கொண்டே போகும். பிரிட்ஜில் கம்பி நகர முடியாது. பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் அடிப்படை அதிர்வுக்கும் அசைவு மிகக் குறைவு, அது நீளமான அலை என்பதால். உயர்ந்த மேற்சுரங்களோ குட்டை அலைகள். பிரிட்ஜை விட்டுக் கொஞ்சம் நகர்ந்ததுமே அவை நன்றாக ஆட ஆரம்பித்துவிடும். பிரிசிஷன் பேஸின் கம்பி 34 அங்குல நீளம். பிரிட்ஜிலிருந்து ஒரு அங்குலத்தில் கணக்குப் போட்டால், பத்துப் பங்குகளாக அதிரும் மேற்சுரத்தின் அசைவு, இரண்டுக்கும் வீச்சு ஒன்றே என்றால், அடிப்படையின் அசைவைவிட 8 மடங்குக்கு மேல் வருகிறது. ஸ்பாஞ்ச் எவ்வளவு அசைவைத் தடுக்கிறதோ அவ்வளவு சக்தியைப் பிடுங்கும். ஆகவே மேற்சுரங்கள் வெகு சீக்கிரம் சாகின்றன, அடிப்படை மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதே ஸ்பாஞ்சை கம்பியின் நடுவில் வைத்தால் அடிப்படையே முதலில் போய்விடும்; மிஞ்சுவது வெறும் 'டொக்'.

டோன் குமிழ் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. குமிழ் ஒரு நிலையான வடிகட்டி. மீட்டிய கணத்திலும், அரை விநாடி கழித்தும், உயர் அதிர்வெண்களை ஒரே அளவில்தான் வெட்டும். விரல் கம்பியை விடும் அந்தத் தொடக்கத் தட்டும் சேர்ந்து மழுங்கிவிடும். ஸ்பாஞ்சும் பழைய கம்பியும் வேறு மாதிரி வேலை செய்கின்றன. மீட்டிய கணத்தில் மேற்சுரங்கள் இருக்கின்றன. 'தும்' என்ற அந்த முட்டு தெளிவாகக் கேட்கிறது. அதற்கப்புறம்தான் அவை மளமளவென்று அடங்குகின்றன. தொடக்கம் தெளிவு, உடல் உருண்டை, வால் குட்டை. ஒவ்வொரு சுரமும் இந்த வடிவத்தில் வருகிறது. டெம்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டு பேஸோடுதான் தொடங்கும். மற்ற வாத்தியங்கள் சேர்வதற்கு முந்தைய அந்தச் சில விநாடிகளில் இந்த வடிவத்தைத் தனியாகக் கேட்கலாம்.

இப்போது அவர் வாசித்த வரிகளை யோசித்துப் பாருங்கள். அவருக்கு முன்னால் பாப் பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மூலச் சுரத்தையும் அதிலிருந்து ஐந்தாவது சுரத்தையும் தட்டிக்கொண்டு நிற்கும். ஜேமர்சனோ தாளத்தின் இடுக்குகளில் புகுந்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அரைச் சுரங்கள் வழியாக நழுவி, பாடகரோடு இன்னொரு பாடகர் போல நடந்தார். நிமிடத்துக்கு 100 பீட் வேகத்தில் ஒரு பீட்டை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டுக்கு 0.15 விநாடிதான் கிடைக்கும். நீண்டு ஒலிக்கும் பளபளப்பான புதுக் கம்பியில் இந்த வரிகளை வாசித்தால் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலைமேல் விழும். கீழ்ச் சுரங்களில் அப்படி விழுந்தால் காதுக்குக் குழம்பாகத்தான் போய்ச் சேரும். அடங்கிய கம்பியில் ஒவ்வொரு சுரமும் தானே விலகி இடம் விடுகிறது. அந்த இடைவெளியில் டிரம்ஸின் கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், நுழைகிறது. இவ்வளவு நெரிசலான வரிகளை எந்தப் பாட்டையும் நசுக்காமல் அவரால் வாசிக்க முடிந்ததற்கு இந்தக் குட்டை வால் ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். டபுள் பேஸில் விரலால் மீட்டும் சுரமும் இயல்பிலேயே சீக்கிரம் அடங்கும். அவர் காது பழகியது அங்கேதான்.

சரி, விரலுக்கு வருவோம். வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும். அதற்கு 'தி ஹூக்' என்று பட்டப்பெயரே உண்டு. மற்ற விரல்களை பிக்கப்பின், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியின், மேலிருக்கும் குரோம் மூடியில் ஊன்றிக்கொள்வார். பிளெக்ட்ரம் (மீட்டும் சிறு தகடு) போன்ற கூரான பொருள் கம்பியைக் கூர்முனையாக இழுத்து விடும். அந்தக் கூர்முனையில் உயர் மேற்சுரங்கள் நிறைய. சதைப்பற்றான விரல் கம்பியை அகலமாகப் பிடித்து, மொண்ணையான வளைவாக விடுகிறது. உயர் மேற்சுரங்கள் தொடக்கத்திலேயே குறைவு. இரண்டு விரல்களை மாற்றி மாற்றி வாசித்தால் இரண்டுக்கும் நீளமும் பலமும் வேறு என்பதால் சுரத்துக்குச் சுரம் சின்ன வேறுபாடு வரும். ஒரே விரல் என்றால் ஒரே சதை, ஒரே கோணம். மேல்கம்பியிலிருந்து கீழ்ச் சுரத்துக்கு இறங்கும்போது அதே விரலை அடுத்த கம்பிக்கு இழுத்துக்கொண்டே போய்விடலாம். அவருடைய வரிகளில் வரும் அந்த வழுக்கும் நடை இதிலிருந்துதான் வருகிறது.

கம்பிகளை கழுத்திலிருந்து நன்றாக உயர்த்தியும் வைத்திருந்தார். மற்றவர்கள் வாங்கி வாசித்தால் திணறிப் போவார்களாம். இடைவெளி அதிகம் என்றால் கம்பி பெரிய வீச்சில் ஆடினாலும் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்காது. அதனால் பலமாக மீட்ட முடியும். பலமாக மீட்டினால் ஸ்பாஞ்சு தின்றது போகவும் போதுமான சக்தி மிஞ்சும். இடது கையில், டபுள் பேஸ் வாசிப்பவர்களின் வழக்கப்படி, கழுத்தின் தொடக்கத்திலேயே நின்று, அழுத்தாத வெறுங்கம்பிகளை நிறையப் பயன்படுத்தினார்.

பிக்கப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காந்தங்களைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச்சுருள். எஃகுக் கம்பி மேலே ஆடும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிரிசிஷன் பேஸில் 1957-லிருந்து இது இரண்டு துண்டுகளாக வருகிறது: இரண்டு கம்பிக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு ஒன்று. சுற்றும் காந்தத் திசையும் எதிரெதிராக இருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிக்கப் இருக்கும் இடம் கம்பி நீளத்தில் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வெறுங்கம்பியின் ஆறாவது பங்கு அதிர்வுக்கு அங்கே கணு, அதாவது அசைவற்ற புள்ளி, விழுகிறது. அதை பிக்கப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இரண்டு, மூன்று, நான்காவது பங்குகளை நன்றாகப் பிடிக்கும். அந்த வாத்தியத்தின் நடு அதிர்வெண் உறுமல் இதனால்தான்.

மேடையில் அவர் ஆம்பெக் பி-15 ஆம்ப்ளிஃபயர் பயன்படுத்தினார். ஸ்டூடியோவில் கதை வேறு. அந்தச் சின்ன அறையில் டிரம்ஸ், கிட்டார், பியானோ எல்லாம் ஒன்றாக வாசிக்கும். பேஸ் ஆம்ப் முன்னால் மைக் வைத்தால் டிரம்ஸும் அதற்குள் புகுந்துவிடும். மைக் மெக்லீன் தலைமையிலான பொறியாளர்கள் பேஸை ஒரு டைரக்ட் பெட்டி வழியாக, ஆம்பும் மைக்கும் இல்லாமல், நேரே ஒலிக்கலவை மேசையான கன்சோலுக்குள் அனுப்பினார்கள். அறையின் எதிரொலி இல்லை, ஸ்பீக்கரின் குணம் இல்லை. கம்பியும் விரலும் அப்படியே டேப்பில் ஏறின.

அப்படியே என்று சொன்னாலும், போகும் வழியில் ஒன்று நடக்கிறது. பலமாக மீட்டும்போது அந்தக் கால டியூப்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் டேப்பும் சமிக்ஞையின் உச்சியைக் கொஞ்சம் அமுக்குகின்றன. அமுக்கினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். அவருடைய பேஸ் டிராக்கை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: எதிர்பார்த்ததைவிட அது கரடுமுரடானது.

இந்தக் கரடுமுரடு எதற்கு உதவியது? மோட்டவுன் பாட்டுகளைப் பலரும் கேட்டது கார் ரேடியோவில். ஸ்டூடியோவிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து அதில் ஓட்டிப் பார்த்துத்தான் கலவையை முடிவு செய்வார்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை உருவாக்கவே முடியாது. ஆனால் 124, 165, 206 என்று மேற்சுரங்கள் வந்து சேர்ந்தால், அவற்றுக்கு இடையே உள்ள சம இடைவெளியை வைத்து நம் மூளை 41-ஐத் தானே ஊகித்துக் கேட்டுவிடுகிறது. வராத அடிப்படையை மூளை நிரப்பிக்கொள்ளும் இந்த விந்தை ஒலியியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். கைபேசி ஸ்பீக்கரில் பழைய பாட்டின் பேஸ் உங்களுக்குப் புரிவதும் இப்படித்தான். ஆக, கம்பியில் உச்ச மேற்சுரங்களைக் கொன்றார்கள். மின்சுற்றில் கீழ், நடு மேற்சுரங்களைக் கொஞ்சம் வளர்த்தார்கள். டோன் குமிழை இறக்குபவர் முதல் பாதியை மட்டும், அதையும் தவறான இடத்தில் செய்கிறார்.

'வாட்ஸ் கோயிங் ஆன்' தலைப்புப் பாட்டுக்கு அவர் குடித்த நிலையில், உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். படுத்திருந்தாலும் தொனி மாறவில்லை. மாற வழியில்லை, அதே கம்பி, அதே ஸ்பாஞ்ச், அதே விரல். 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் அந்த பேஸ் திருடு போனது. அது கிடைக்காதவரை, எடுத்து அளந்து பார்க்க யாராலும் முடியாது.

வீட்டில் முயல விரும்புகிறவர்கள் செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கத்தை விரல் அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டு மேலே தள்ளும் அளவு போதும். அதிகம் அழுத்தினால் சுருதி மாறும், குறைவாக இருந்தால் கீழ்க்கம்பி மட்டும் அடங்காமல் ஓடும். டோன் குமிழை முழுக்கத் திறந்துவிட்டு, ஒரே விரலால், நீங்கள் வழக்கமாக மீட்டுவதைவிடப் பலமாக மீட்டிப் பாருங்கள். அது பிடித்த பிறகு ஃபிளாட்வவுண்ட் வாங்குங்கள், வாங்கியபின் கழற்றாதீர்கள். புதிதில் ஒரு பளபளப்பு இருக்கும், சில மாதங்களில் இறங்கிவிடும். ஒலிப்பதிவு செய்தால் டைரக்டாக உள்ளே கொடுத்து, பலமான சுரங்கள் மட்டும் லேசாகக் கரகரக்கும் வரை ப்ரீஆம்பை (உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் சாதனத்தை) ஏற்றுங்கள். சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரைக் கடைசியாகத் தொடுங்கள். அது சுரத்தின் வாலை மேலே தூக்கிவிடும். ஸ்பாஞ்ச் செய்து கொடுத்ததில் பாதியை அதுவே திருப்பி எடுத்துக்கொள்ளும்.