'செட் அசைட்' என்றால் ஓரமாக எடுத்து வைப்பது இல்லைங்க

ஈரோட்டில் வக்கீலாக இருக்கிறேன். போன வருடம் கொடுமுடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் பத்துப் பதினைந்து குடும்பங்களின் மஞ்சள் காட்டைக் கையகப்படுத்துகிற விவகாரம். ஐகோர்ட்டில் தனி நீதிபதி இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார், எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போயிருந்தது. பேரன் இன்ஜினியரிங் படிக்கிற பையன். செல்லில் ஒரு இங்கிலீஷ் செய்தித் தலைப்பைக் காட்டினான்: தனி நீதிபதியின் உத்தரவை டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) 'செட் அசைட்' செய்தது.

"கேஸை ஓரமா எடுத்து வெச்சிருக்காங்க, மறுபடி கூப்பிடுவாங்கன்னு இவன் சொன்னானுங்க அம்மிணி. அதான் சும்மா இருந்துட்டோம்" என்றார் பெரியவர்.

தேதியைப் பார்த்தேன். 71 நாள் ஓடியிருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பையன் சொன்னது சரிதான், ஆனால் கோர்ட்டு பாஷையில் அது ரத்து. கையில் இருந்த வெற்றி போய்விட்டது, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 90 நாள்தான் கெடு, அதில் மிச்சம் 19. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் கோர்ட் ஏற்கும் என்று நம்பி உட்கார முடியாது. அன்று ராத்திரியே சான்றிட்ட நகலுக்கு ஆள் பிடித்தோம்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் தெரிந்த சொல்லாக இருப்பதால் யாரிடமும் கேட்கத் தோன்றாது. உண்மையில் ஓரமாக எடுத்து வைப்பது என்றால் அது 'ரிசர்வ்ட்': வாதம் முடிந்தது, தீர்ப்பைப் பிறகு சொல்வார்கள். 'நோட்டீஸ்' என்று வந்தால் எதிர்த்தரப்பைப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான், அதற்குப் பட்டாசு வெடிக்க வேண்டாம்.

'ஸ்டே' இன்னொரு தொல்லை. உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆறு மாதத்தில் தானாகப் போய்விடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொன்னது நிஜம், ஆனால் 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. அதனால் செய்தியின் வருடத்தையும் பாருங்கள்.

அப்புறம் 'அப்ஹெல்ட்', அதாவது ஐகோர்ட் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்ததாக வரும் தலைப்புகள். பல நேரம் உள்ளே படித்தால், சிறப்பு அனுமதி மனுவை, அதாவது அப்பீல் செய்ய சுப்ரீம் கோர்ட்டிடம் அனுமதி கேட்கும் மனுவை, ஒரே வரியில், காரணம் எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்திருப்பார்கள். அப்படித் தள்ளுவது ஐகோர்ட் சொன்ன சட்டத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று 2000-லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. உங்களுடையது அதே மாதிரி கேஸ் என்றால், இந்த ஒரு தலைப்பைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள்.

எண்கள்கூடக் குழப்பும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கிற பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்து கேட்பது 528. பழைய செய்தியையும் புதிய செய்தியையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும்.

கொடுமுடிக்காரர்கள் மனு 86-வது நாள் தாக்கலானது. பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பேரன் போன் செய்தான், குரலே சரியில்லை.

"அக்கா, சுப்ரீம் கோர்ட் 'ரிமாண்ட்' பண்ணிருச்சுன்னு போட்டிருக்குதுங்க. கேஸ்ல அப்பாரு பேரும் இருக்குதுங்களே, ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?"

ஆளை ரிமாண்ட் செய்தால்தான் சிறைக்காவல், தம்பி. கேஸை ரிமாண்ட் செய்தால் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழே திருப்பி அனுப்புவது. டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பு போய்விட்டது, ஐகோர்ட் முதலிலிருந்து கேட்கப் போகிறது என்று இரண்டு தடவை சொன்னேன்.

"போனை அப்பாருகிட்டக் கொடு, நானே சொல்றேன்" என்றேன்.