வெந்தாலும் திராட்சை திராட்சைதான்

டிசம்பர் பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். கால்நடை மருத்துவரான எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குவது கிறிஸ்துமஸ் கேக்குக்கான ஊறல் பாத்திரம்தான். உலர் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி எல்லாவற்றையும் ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறப்போட்டு, ஒரு தட்டை மட்டும் மேலே கவிழ்த்து வைப்பார்களே, அந்தப் பாத்திரம். நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறேன். வருஷா வருஷம் யாராவது ஒருவர், சிறுநீர் நின்றுபோன நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

இந்தத் தடவை ஒரு லாப்ரடார். பழைய வளவு வீட்டில் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்கள். நம்ம ஊர் வீடுகள்தான் தெரியுமே, முகப்பிலிருந்து அடுப்படி வரை வாசற்கால்கள் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும். ராத்திரி நாய் நேரே போய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டது. காலையில் வாந்தி. உப்பிய திராட்சை முழுசு முழுசாக ஆத்தங்குடி கல் மேல் கிடந்திருக்கிறது. "வெளிய வந்துருச்சுல்ல, இனிமே பயமில்ல" என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது வாயைத் திறந்தால் மூத்திர வாடை, ஈறெல்லாம் புண், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் என்ற கழிவு இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. டிரிப் ஏற்றியும் சிறுநீர் இறங்கவில்லை. பிழைக்கவில்லை.

அன்றைக்கும் அந்த வசனத்தைக் கேட்டேன். "போன வருசமும் கேக்கு தின்னுச்சே டாக்டரம்மா, ஒண்ணும் ஆகலையே!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவ இதழ்களில் எழுத ஆரம்பித்ததே 2001 வாக்கில்தான். அதற்கப்புறம் இருபது வருஷம் எந்தப் பொருள் கெடுக்கிறது என்று பிடிபடவில்லை. பூஞ்சையோ, பூச்சிமருந்தோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 2021-ல் அமெரிக்காவில் விஷ முறிவு ஆலோசனை மையத்தில் இருந்தவர்களுக்கு ஒரு நாய் துப்புக் கொடுத்தது. குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த களிமாவைத் தின்றிருந்த நாய் அது. மாவில் இருந்தது கிரீம் ஆஃப் டார்ட்டர், அதாவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அறிகுறிகள் அச்சு அசலாகத் திராட்சை தின்ற நாயுடையவை. அப்போதுதான் சந்தேகம் திராட்சையிலும் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் மேல் விழுந்தது. இந்த அமிலம் திராட்சைக்குத் திராட்சை, ரகத்துக்கு ரகம், பழுத்த பக்குவத்துக்குத் தக்கபடி கூடும், குறையும். போன வருஷப் பாக்கெட்டில் குறைவாக இருந்திருக்கும். அல்லது உங்கள் நாய்க்குக் கிடைத்த துண்டில் நாலு திராட்சைதான் இருந்திருக்கும். இந்த வருஷப் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வருஷம் தப்பித்ததால் நாய்க்கு அது பழகிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பழகாது. அதற்குப் பழகும் உறுப்பே கிடையாது.

கிலோ எடைக்கு 3 கிராம் உலர் திராட்சையிலேயே சிறுநீரகம் பழுதான பதிவுகள் உண்டு. 10 கிலோ நாய்க்கு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. "கேக்குல வெந்துருச்சே" என்பார்கள். ஓவனில் வைத்தாலும் குக்கரில் மணல் பரப்பி வைத்தாலும் அந்த அமிலம் எங்கும் போகாது. "நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறையெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்பவர்களும் உண்டு. சிறுநீரகத்துக்கு ஜாதி தெரியாது.

புளியின் புளிப்பும் பெரும்பாலும் இதே அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானது பதிவாகியிருக்கிறது. ஆகவே கேக்குக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, புளியோதரையை உருண்டை பிடித்து ஊட்டாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. சாக்லேட் ஆகாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் கோகோ பவுடரை யாரும் சாக்லேட் கணக்கில் சேர்ப்பதில்லை. 10 கிராம் கோகோ பவுடர், ஏறக்குறைய 100 கிராம் மில்க் சாக்லேட்டுக்குச் சமம். சர்க்கரை நோயாளிகளுக்காகத் தனியாகக் கேக் போடுகிறவர்கள் இனிப்பூட்டி டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிட்டால் என்று இருந்தால் அரை மணி நேரத்துக்குள் நாயின் ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும், ஈரலும் கெடும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள் போயும் பொங்கும். சமைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்புச் சோறு பண்டிகை நாளிலும் வேண்டாம், மற்ற நாளிலும் வேண்டாம்.

பூனை வைத்திருப்பவர்களுக்குக் கேக்கைவிட அலங்காரம்தான் ஆபத்து. ஜிகினாச் சரம், பரிசுப் பொட்டலம் கட்டிய ரிப்பன், குடில் கட்டப் பயன்படுத்திய நூல் எதுவானாலும் விளையாட்டாக விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். ஆசனவாயில் நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் சுருங்கி அறுபடும். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். பூங்கொத்தில் லில்லி இருந்தால் பூனை இருக்கும் அறையிலேயே வைக்க வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். குடிலில் இருக்கும் ஆட்டுக்குட்டி பொம்மையை நாய்க்குட்டி கவ்விக்கொண்டு ஓடினால் சிரித்துக்கொள்ளலாம். பனி என்று பரப்பிய பஞ்சைத் தின்றால் சிரிக்க முடியாது. சீரியல் லைட் வயர் தரையில் கிடக்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தின்றுவிட்டது என்று தெரிந்த நிமிஷமே போன் செய்யுங்கள். வாந்தி வரட்டும், சோறு தின்கிறதா பார்ப்போம், விடியட்டும் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் கொடுத்து, இரண்டு நாள் டிரிப்பில் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நீங்களாக உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு ஏறிச் செத்த நாய்களும் உண்டு. யூடியூபில் பார்த்துவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்க ஓடவும் வேண்டாம்.

நாய்க்கும் பண்டிகை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. உப்பு, மசாலா சேர்ப்பதற்கு முன்னால் நாலு துண்டு கோழிக்கறியை எலும்பு நீக்கி வேகவைத்து எடுத்து வையுங்கள். கேக்கைவிட அது அதற்கு எவ்வளவோ மேல். வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவையுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டாலும் அவர்கள் மேசைக்கடியில் கொடுத்துவிடுவார்கள்.

வரும்போது காலிப் பாக்கெட்டை எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள். ஊறலில் ரம் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய் தள்ளாடுவதற்கு நரம்புக் கோளாறு காரணமா என்று நான் தேடிக்கொண்டிருக்க, கூட வந்த அப்பத்தா வெளியே போகும்வரை வாயைத் திறக்காத வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்பத்தாவிடமோ பங்குச் சாமியாரிடமோ நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.