ஒரு மடிச் சூடை, நான்கு வரைபடங்கள்

“வலையுருவரையத்துக்கு வகுப்பாயிடையை நாமே தெரிவுசெய்யலாம் என்றால், படமும் நாம் விரும்பியபடிதானே வரும்?” திருகோணமலையில் சாதாரண தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். வலையுருவரையம் என்பது அளவுகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை விழுகின்றன என்பதைச் செவ்வகங்களால் காட்டும் படம்; வகுப்பாயிடை என்பது ஒரு வகுப்பின் அகலம். ஆம், வரும். எவ்வளவு தூரம் மாறும் என்பதைப் பார்த்துவிட்டால் வரைபடங்களைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

முதலில் ஒரு வேறுபாடு. திருக்கடலூர்க் கரையில் இன்று சூடை எத்தனை கிலோ, பாரை எத்தனை கிலோ, சூரை எத்தனை கிலோ என்று மீன்வகைதோறும் காட்டுவது சலாகை வரைபு. சூடைக்கும் பாரைக்கும் நடுவில் வேறொரு அளவு கிடையாது. அதனால் சலாகைகளுக்கிடையே இடைவெளி விடுகிறோம். அதன் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். 48 கிலோவையும் 50 கிலோவையும் 46இலிருந்து வரைந்தால் ஒன்று மற்றதன் இரு மடங்காகத் தெரியும். வலையுருவரையம் நீளம், நிறை, வெப்பநிலை போன்ற தொடர்ச்சியான அளவுகளுக்குரியது. 10 செ.மீ.க்கும் 11 செ.மீ.க்கும் இடையில் எந்த நீளமும் வரலாம் என்பதால் செவ்வகங்கள் ஒட்டியே நிற்கும்.

இனி மீனை அளப்போம். கரைவலையின் மடியை, அதாவது மீன் சேரும் பைப் பகுதியை, அவிழ்த்ததும், வியாபாரிகள் பெரிசு சிறிசு பிரிப்பதற்கு முன்னரே மாதிரியை எடுக்க வேண்டும். பெட்டியின் மேலே கிடப்பதை மட்டும் அள்ளக் கூடாது. குலுங்கக் குலுங்கச் சின்ன மீன்கள் கீழே இறங்கிவிடும். பலகையில் அடிமட்டத்தைப் பதித்து, பூச்சியக் கோட்டில் ஒரு கட்டையை அறைந்து, மூக்கு அதில் முட்டும்படி மீனை வைக்க வேண்டும். அளப்பது வாலின் கவர் வரைக்குமா, நுனி வரைக்குமா என்பதை முதலிலேயே முடிவுசெய்து கடைசி மீன் வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

விளக்கத்துக்காக நான் அமைத்த 30 சூடைகளின் நீளம் இது. 9–10 செ.மீ. வகுப்பில் 3, 10–11இல் 7, 11–12இல் 5, 12–13இல் 2, 13–14இல் 6, 14–15இல் 5, 15–16இல் 2. கீழெல்லை வகுப்புக்குள் சேரும், மேலெல்லை சேராது, சரியாக 10.0 செ.மீ. உள்ள மீன் 10–11க்குப் போகும்.

வகுப்பின் அகலத்தை 3 செ.மீ. ஆக்கி, 8இலிருந்து தொடங்குங்கள். 8–11இல் 10, 11–14இல் 13, 14–17இல் 7. நடுவில் ஒரே மேடு, அழகான மணி வடிவம். அகலத்தை மாற்றாமல் தொடக்கத்தை மட்டும் 9க்கு நகர்த்துங்கள்: 15, 13, 2. மேடு போய், வலப்பக்கம் இறங்கும் படிக்கட்டு வந்துவிட்டது. 7இலிருந்து தொடங்கினால் 3, 14, 13. இப்போது படிக்கட்டு மறுபக்கம் ஏறி, உச்சியில் ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. மீன் அதே மீன், அளவு அதே அளவு!

நான்காவதாக 1 செ.மீ. அகலத்தில் வரையுங்கள். 10–11இல் ஒரு மேடு, 13–14இல் இன்னொரு மேடு, நடுவே 12–13இல் பள்ளம். முதல் படத்தில் உச்சியாக நின்ற வகுப்புக்குள்தான் இந்தப் பள்ளம் ஒளிந்திருந்தது. இந்த 30 மீன்களின் இடையை, அதாவது சராசரியை, கணித்தால் 12.3 செ.மீ. வரும். “சராசரிச் சூடை” என்று நாம் சொல்லக்கூடிய நீளத்தில் மீன் அனேகமாக இல்லவே இல்லை. இடையைக் கண்டதும் கணக்கு முடிந்தது என்று எழுந்துவிடுபவர்களுக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாது.

இரண்டு மேடுகள் எதைச் சொல்கின்றன? வெவ்வேறு காலத்தில் பிறந்த இரண்டு தொகுதி மீன்கள் ஒரே மடியில் அகப்பட்டிருக்கலாம். 1890களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஜொஹானஸ் பீட்டர்சன் இதைத்தான் ஒரு முறையாக்கினார். மாதாமாதம் நீளங்களை அளந்து படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் மேடுகள் வலப்பக்கம் நகரும். நகர்ந்த தூரம்தான் அந்தத் தொகுதியின் வளர்ச்சி. எந்த மீனுக்கும் அடையாளம் கட்டாமல், எதையும் தொட்டியில் வளர்க்காமல், கடலுக்குள் அது வளரும் வேகத்தை ஒரு அடிமட்டத்தால் பிடித்துவிடலாம். புள்ளிவிபரவியலில் இதைவிட எனக்குப் பிடித்த காட்சி குறைவு.

ஆனால் 30 மீனை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய மாதிரியில் தற்செயலாகவும் பள்ளம் விழும். சில நூறு மீன்களை அளந்த பின்னும் அது நிலைத்து நின்றால் நம்பலாம். உருவில் நெருங்கிய வேறொரு இனம் கலந்திருந்தாலும் இரண்டு மேடு வரும். மீனின் செவுளைக் கண்ணியில் மாட்டவைக்கும் செவுள் வலையில் பட்ட மீனென்றால் இன்னும் கவனம் தேவை: சின்னது வலைக்கண்ணுக்குள்ளால் நழுவிப்போகும், பெரியது சிக்காது, கிடைக்கும் ஒற்றை மேடு வலைக்கண்ணின் அளவைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

சரி, எத்தனை வகுப்பு எடுப்பது? 1926இல் ஸ்டர்ஜஸ் சொன்ன விதி எளியது. எண்ணிக்கையை எத்தனை தடவை இரண்டால் வகுத்தால் 1க்கு வரும் என்று பாருங்கள். அதோடு 1ஐக் கூட்டுங்கள். 30க்குச் சுமார் 5 தடவை, ஆகவே 6 வகுப்பு. 9 முதல் 16 வரை வீச்சு 7 செ.மீ.; ஒரு வகுப்பு 1 செ.மீ.க்குச் சற்றே மேல். இது ஒற்றை மேட்டை மனத்தில் வைத்து அமைந்த விதி. எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போனால் வகுப்புகள் போதாமல் மேடுகளை மூடிவிடும். 0.2 செ.மீ. என்று மிகக் குறுக்கினாலோ 30 மீனுக்கு 35 வகுப்பு. சீப்புப் பல் போலப் படம் வரும். நான் சொல்வது, மூன்று அகலங்களிலும் இரண்டு தொடக்கங்களிலும் வரைந்து பாருங்கள். எல்லாவற்றிலும் தப்பி நிற்கும் வடிவத்தை மட்டும் பேசுங்கள்.

அரை செ.மீ.க்குக் கிட்டிய அளவாக எடுத்துவிட்டு 0.7 செ.மீ. அகல வகுப்பு போடுவது இன்னொரு பிழை. 9.0–9.7க்குள் 9.0, 9.5 என்று இரண்டு வாசிப்புகள் விழும். அடுத்த வகுப்பில் 10.0 மட்டுமே விழும். இல்லாத ஏற்ற இறக்கம் தோன்றிவிடும். வகுப்பின் அகலம் அளவீட்டு அலகின் முழு மடங்காக இருக்கட்டும்.

வகுப்புகளின் அகலம் சமமில்லாதபோது மீடிறனை, அதாவது ஒரு வகுப்பில் விழும் எண்ணிக்கையை, காட்டுவது உயரமல்ல, பரப்பளவு. 14–15, 15–16 இரண்டையும் சேர்த்தால் 7 மீன், அகலம் 2, உயரம் 3.5. பலர் 7 என்றே வரைந்து இல்லாத மேட்டைக் கட்டிவிடுகிறார்கள்.

இப்படி அளப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம்: பலகை, பென்சில், மாதம் தவறாமல் கரைக்கு வரும் ஒருவர். ஒரு வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து அடுத்த வருடம் நிறுத்துவதைவிட, சிறிய தொகையைப் பத்து வருடம் விடாமல் கொடுப்பதே இந்த வேலைக்குப் பயன்படும். மேடு நகர்வதைக் காணத் தொடர்ச்சி வேண்டும். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, கரைவலை இழுக்காத மாதங்களின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அங்கே பூச்சியம் எழுதினால், அளந்தும் மீன் கிடைக்கவில்லை என்று பின்னால் வருபவர் வாசிப்பார்.