மெய்நிகர் ஆய்வகம்: ஒரு சொல் விளக்கம்

பள்ளிகளில் 'விர்ச்சுவல் லேப்' என்று வழங்குவதற்குத் தமிழில் 'மெய்நிகர் ஆய்வகம்' என்ற பெயர் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. கணினித் திரையில் தெரியும் வெர்னியர் அளவியின் (சிறு நீளங்களைத் துல்லியமாக அளக்கும் கருவி) தாடையை மவுஸால் இழுத்து, இடையில் ஓர் உருண்டையைப் பிடித்து, அதிலுள்ள முதன்மைக்கோல், வெர்னியர் கோல் இரண்டையும் படித்து, விடையைக் கட்டத்தில் எழுத வேண்டும். சரியா தவறா என்று மென்பொருள் உடனே சொல்லிவிடும். தனி ஊசல், கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவி, மின்சுற்று என்று அடிப்படை இயற்பியல் செய்முறைகள் பலவற்றுக்கும் இத்தகைய மென்பொருள்கள் இருக்கின்றன. வெறும் காணொளியை இந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. மாணவர் கை வைத்தால் திரையில் ஏதாவது மாற வேண்டும், தவறாகச் செய்தால் தவறான அளவு வர வேண்டும். இந்தப் பண்பைத்தான் 'ஊடாடும்' என்கிறோம். ஊடு, ஆடு என்ற இரண்டும் சேர்ந்த பழைய வினை அது. நடுவே புகுந்து பழகுதல் என்ற பொருள் கணினிக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

'விர்ச்சுவல்' என்பதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து பிறந்த 'விர்த்தூஸ்' ஆண்மை, ஆற்றல், மேன்மை ஆகியவற்றைக் குறித்தது. இடைக்கால லத்தீனில் 'விர்த்துவாலிஸ்' என்றால் ஆற்றலுடையது. அப்புறம் பொருள் மெல்ல நகர்ந்து, 'பெயரால் அது இல்லை, ஆனால் பயனால் அதுவே' என்று ஆனது. உள்ளதைவிடப் பெரிய நினைவகம் இருப்பதுபோல் கணினி நிரலை இயங்கச் செய்யும் ஏற்பாட்டை 'விர்ச்சுவல் மெமரி' என்று சொல்வது இந்தப் பொருளில்தான். ஆய்வகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கோ உழைத்தல் என்ற வினை அடிப்படை. ஆக, மூலச் சொற்களின்படி பார்த்தால், உழைப்பிடத்தின் பயனைத் தரவல்ல ஒன்று என்று ஆகிறது.

தமிழில் இதே 'விர்ச்சுவல்' மூன்று விதமாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஒளியியல் பாடத்தில் அது 'மாய'. சமதள ஆடியில் தெரியும் உருவம் மாய பிம்பம், திரையில் பிடிக்க முடிவது மெய் பிம்பம். இலங்கைப் பாடநூல்களில் பிம்பம் விம்பமாகும், மாயமும் மெய்யும் மாறுவதில்லை. இரண்டாவது 'இணைய'. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் 'விர்ச்சுவல்' இருக்கிறது, தமிழ்ப் பெயரில் அந்த இடத்தில் 'இணைய' இருக்கிறது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் அப்படியே. மூன்றாவதுதான் 'மெய்நிகர்'.

இவற்றில் 'மாய' ஆய்வகத்துக்கு ஒத்து வராது. ஆடிக்குப் பின்னால் ஒளிக்கதிர்கள் உண்மையில் சந்திப்பதில்லை, அங்கே எதுவும் இல்லை, அதனால் அந்தச் சொல் அங்கே நியாயமானது. திரையில் வெர்னியரைப் படிக்கக் கற்ற மாணவி பெற்ற திறமையோ மாயமில்லை. 'இணைய ஆய்வகம்' என்றால் இணையம் இல்லாத கணினியில் ஓடும் மென்பொருள் விடுபட்டுப் போகும். மெய்நிகர் என்பதே தகுந்த சொல்: மெய்க்கு நிகரானது. மெய் என்றால் உண்மை, உடம்பும்கூட. செய்முறை வகுப்பைப் பொறுத்தவரை இரண்டாவது பொருளையும் நாம் மறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் 'நிகர்' என்று சொல்லிவிட்டால், எதற்கு நிகர், எவ்வளவு நிகர் என்று கேட்டே ஆக வேண்டும். வெர்னியரையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கருவிக்குப் பெயர் தந்த பியர் வெர்னியே தம் அளவுகோலைப் பற்றி 1631இல் பிரசெல்சில் நூல் வெளியிட்டார். முதன்மைக்கோலின் 9 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியர் கோலில் 10 பிரிவுகளாக்கினால் ஒவ்வொரு பிரிவும் 0.9 மில்லிமீட்டர். முதன்மைக்கோலின் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.1 மில்லிமீட்டர், அதாவது 0.01 செ.மீ., மீச்சிற்றளவு: கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. முதன்மைக்கோல் 2.3 செ.மீ. காட்டி, நான்காவது வெர்னியர் பிரிவு மேலே உள்ள ஒரு கோட்டோடு ஒன்றினால் அளவு 2.34 செ.மீ. தாடைகள் மூடியிருக்கும்போதே கருவி சுழியைக் காட்டாமல் வேறு அளவைக் காட்டுவது சுழிப்பிழை. அது +0.03 செ.மீ. இருந்தால் அதைக் கழித்து 2.31 செ.மீ. மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: எந்தக் கோடு ஒன்றுகிறது, சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா. திரை இதற்கு நல்ல இடம். கோல் பெரிதாகத் தெரியும், ஒவ்வொரு முறையும் புதிய சுழிப்பிழையோடு திரும்பத் திரும்பப் பழகலாம், பின்னால் வரிசையில் நிற்பவர் அவசரப்படுத்த மாட்டார்.

திருகு அளவிக்கு வந்தால் நிலைமை வேறு. கம்பியை நசுக்காமல் எவ்வளவு இறுக்குவது என்பதை விரல்தான் அறியும். திருகைத் திசை மாற்றித் திருப்பும்போது நுனி நகரத் தொடங்குமுன் வரும் சிறு தளர்வும் கைக்குத்தான் தெரியும். கண்ணைச் சற்றே சாய்த்துப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழை தட்டையான படத்தில் வராது. உடம்பு கற்க வேண்டிய இந்தப் பகுதியில் மென்பொருள் மெய்க்கு நிகரில்லை.

அதற்காக மென்பொருளைக் குறைத்து எடைபோடவும் வேண்டாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தில் மின்சுற்று அமைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை அதில் பார்க்கலாம். எந்த ஆய்வக மேசையிலும் அதைப் பார்க்க முடியாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மென்பொருளில் பழகிய கல்லூரி மாணவர்கள், உண்மையான பல்பும் கம்பியும் கொண்டு பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் மேலாகச் செய்தார்கள். அதே திட்டத்தின் ஊசலை நிலவின் ஈர்ப்பிலும் வியாழனின் ஈர்ப்பிலும் ஆட விடலாம். இந்தியாவில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா விஸ்வ வித்யாபீடமும் இந்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் மும்பை மையமும் சேர்ந்து உருவாக்கிய 'ஓ-லேப்ஸ்', கோட்பாடு, செய்முறை, திரைச் சோதனை, வாய்மொழிக் கேள்விகள் என்று பள்ளிச் செய்முறையின் வரிசையிலேயே நடக்கிறது. கருவி போதாத பள்ளிகளுக்கு இதன் மதிப்பு பெரிது.

இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வோம். மெய்நிகர் ஆய்வகம் என்பது முழு இடம். அதற்குள் மெய்யானதுபோல் இயங்கும் ஒவ்வோர் ஊசலும் மின்சுற்றும் 'சிமுலேஷன்'. இதற்குப் 'பாவனை' என்று எழுதுவோர் உண்டு. தமிழ்நாட்டில் அது புரியும், ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். 'உருவகப்படுத்தல்' என்றால் இலக்கண வகுப்பின் உருவகம் குறுக்கே வரும். 'ஒப்புருவாக்கம்' என்ற சொல்லில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை, அதையே நான் பரிந்துரைப்பேன்.

'செய்முறை' என்ற சொல்லை மட்டும் கருவியைக் கையில் எடுக்கும் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர் இப்படி எழுதினால் குழப்பம் வராது: "வெர்னியர் அளவியின் ஒப்புருவாக்கத்தை மெய்நிகர் ஆய்வகத்தில் திறந்து, சுழிப்பிழையோடு அளவெடுத்துப் பழகவும். அடுத்த வகுப்பில் செய்முறை: உருண்டையின் விட்டம் காணல்."