களி உருண்டையும் சிவப்பு மாத்திரையும்

பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கம் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு இன்னும் கேழ்வரகுக் களிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் பல நேரம் களி தின்ற கையோடு உள்ளே போய்விடும். "மாத்திரை விடாம போடறேன் நர்சம்மா, ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், எதோடு போட்டார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரைப்பை அமிலத்தில் கரையும் இரும்பைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதிதான் உறிஞ்சுகிறது. கேழ்வரகில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அங்கே இரும்பைப் பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடுகிறது. தானியத்தின் செந்நிறத் தோலில் உள்ள, துவர்ப்புத் தரும் டானின்களும் அதையே செய்கின்றன. டீ குடித்தாலும் இதே கதைதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் வேறு. எலும்புக்கு நல்லது, ஆனால் இரும்போடு ஒரே நேரத்தில் வந்தால் அதன் வழியை மறிக்கும். குடல் ஏற்காத இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது.

அதற்காகக் களியை விட வேண்டியதில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் விட்டு, படுக்கப் போகும்போது மாத்திரை போட்டால் போதும். கூடவே ஒரு நெல்லிக்காய் தின்றால் அதன் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். முளைகட்டிய கேழ்வரகிலும் புளித்த கூழிலும் ஃபைட்டிக் அமிலம் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையை மட்டும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

எல்லா மருந்துக்கும் சோறு பகை இல்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றைக் கேட்கும். ஆனால் குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால் ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றைப் புரட்டாமல் இருக்கத்தான். உறிஞ்சுதல் அப்போது கொஞ்சம் குறையத்தான் செய்யும். சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதுவதற்குக் காரணம் மருந்துக்கு மருந்து வேறு.

உடம்பும் ஆளுக்கு ஆள் வேறு. சராசரியாகப் பெண்களின் இரைப்பை ஆண்களுடையதைவிட மெதுவாகக் காலியாகிறது, அமிலமும் சற்றுக் குறைவாகச் சுரக்கிறது. 2008-ல் லண்டன் ஆய்வாளர்கள் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் என்ற மருந்தை, மருந்துகளில் சேர்மானமாகப் பயன்படும் பாலிஎத்திலீன் கிளைக்காலோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களுக்கு உறிஞ்சுதல் கூடியது, பெண்களுக்குக் கூடவில்லை. மருந்து என்று யாரும் கணக்கில் எடுக்காத சேர்மானம் செய்த வேலை இது! இப்படிப்பட்ட வேறுபாடுகள் தாமதமாகத் தெரியவந்ததற்குக் காரணம் இருக்கிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல் சொன்னது. அதைத் திரும்பப் பெற்றது 1993-ல்தான்.

இரும்பு ஆய்வில் மட்டும் பெண்கள்தான் முன்வரிசை. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சுமார் ஒரு நாளைக்குக் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் 2017-ல் வெளியான சுவிஸ் ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உடம்பில் சேர்ந்தது. அந்தப் பெண்கள் கர்ப்பிணிகள் அல்ல என்பதால், இங்கே தினம் ஒன்று போடும்படி சொல்லப்பட்ட கர்ப்பிணிகள் நர்சம்மாவைக் கேட்காமல் அதை மாற்றக் கூடாது.