நிரலெச்சம்

"மாமா, இந்த மெட்டு கேமில எந்த இடத்திலயும் வரேல்ல. ஆனா உள்ள கிடக்குது. இதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?"

கேட்டது அக்காவின் மகன். கிளிநொச்சியில் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, பழைய சொனிக் 2 விளையாட்டைக் கொம்பியூட்டரில் ஓடவிட்டிருந்தான். 1992இல் வந்த விளையாட்டு அது. அதன் அமைப்புப் பக்கத்தில், எண்ணை மாற்றி மாற்றி ஒலிகளைக் கேட்டுப் பார்க்கலாம். 10 என்று வைத்தால் ஒரு மெட்டு ஒலிக்கும். முதல் லெவலில் இருந்து கடைசி லெவல் வரை விளையாடி முடித்தாலும் அந்த மெட்டை எங்கும் கேட்கமாட்டோம்.

"ஈஸ்டர் முட்டை" என்று நான் உடனே சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுமுன்பே அது பிழை என்று பட்டது. எங்களில் பலர் இரண்டு வேறு பொருள்களை இந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். அதனால் முதலில் அந்தப் பெயரின் கதையைப் பார்ப்போம்.

1980இல் அற்றாரி நிறுவனம் 'அட்வென்சர்' என்ற விளையாட்டை விற்பனைக்கு விட்டது. அதை எழுதியவர் வாரன் ரொபினெற். விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை வெளியிடும் வழக்கம் அந்த நாட்களில் அந்த நிறுவனத்தில் இல்லை. தன் உழைப்புக்குப் பெயர் கிடைக்காத ரொபினெற், யாருக்கும் சொல்லாமல் ஒரு இரகசிய அறையை அமைத்து, அதற்குள் தன் பெயரை எழுதிவைத்தார். அறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரேயொரு புள்ளி அளவான பொருளைத் தேடி எடுக்க வேண்டும். அந்தப் புள்ளியோ நிலத்தின் நிறத்திலேயே இருக்கும். விளையாட்டு அடங்கிய கசற் விற்பனைக்கு வந்த பிறகு, 15 வயதுப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதைத் திருத்தி மறுபடி அச்சடிக்கப் பணம் செலவாகும். அப்போது அங்கு பொறுப்பிலிருந்த ஸ்டீவ் றைற், அதை அப்படியே விடலாம், ஈஸ்டர் நாளில் பிள்ளைகள் ஒளித்த முட்டைகளைத் தேடுவதுபோல ஆட்டக்காரர்களும் தேடி மகிழட்டும் என்றார். பெயர் அப்படித்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் ஒட்டுவதில்லை. மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கத்தோலிக்கர் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உயிர்த்த ஞாயிறு. அந்த நாளில் முட்டைக்குச் சாயம் பூசி ஒளித்துவைத்துத் தேடும் வழக்கத்தை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் முட்டை மட்டும்தான் மிஞ்சும், தேடல் வராது.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் முன்பே இருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரக்கவி வகைகளில் 'கரந்துறைச் செய்யுள்' ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைப்பது அது. எழுதியவர் வேண்டுமென்றே ஒளிக்கிறார், படிப்பவர் முயன்று எடுக்கிறார். ரொபினெற் செய்ததும் அச்சொட்டாக இதுதான். 'கர' என்றால் மறை. வன்னியில் இந்த வேரை விளக்கத் தேவையில்லை, 'கரந்தடி' என்ற சொல்லை எங்கள் தலைமுறை போர்க்காலத்தில் கேட்டே வளர்ந்தது. ஆகவே வேண்டுமென்றே ஒளித்ததைக் 'கரந்துறை' என்போம்.

ஆனால் மருமகன் கேட்ட மெட்டை யாரும் ஒளித்துவைக்கவில்லை. அது விடுபட்டுக் கிடக்கிறது. கரந்துறை என்றால் அது பொய்யாகிவிடும். புதையல் என்றாலும் அப்படித்தான், புதைத்தவர் ஒருவர் வேண்டும். 'பயன்படுத்தப்படாத உள்ளடக்கம்' என்பது பிழையில்லை, ஆனால் ஒரு பொடியன் இன்னொரு பொடியனுக்கு வாய்திறந்து சொல்லக்கூடிய சொல் அல்ல.

நான் சொல்லும் சொல் எச்சம். எஞ்சு என்ற வினையில் இருந்து பிறந்தது. அஞ்சு அச்சம் ஆனதுபோல, மிஞ்சு மிச்சம் ஆனதுபோல, எஞ்சு எச்சம் ஆயிற்று. "தக்கார் தகவிலர் என்பது" எச்சத்தால் காணப்படும் என்கிறது குறள். உரைகாரர் சிலர் அங்கே எச்சத்தை மக்கள் என்பர், சிலர் ஒருவர் விட்டுச்செல்லும் புகழ் என்பர். எப்படிப் பார்த்தாலும், ஆள் போன பின்பும் நிற்பது.

இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கூர்மை உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலின் பெயரே எச்சவியல். 'வந்த' என்று நிறுத்தினால் அது ஒரு பெயருக்காகக் காத்து நிற்கும். 'வந்து' என்றால் ஒரு வினைக்காகக் காத்து நிற்கும். பெயரெச்சமும் வினையெச்சமும் குப்பையல்ல. உருவம் முழுமையாக இருக்கிறது, முடிக்கும் சொல்தான் வரவில்லை. விளையாட்டுக்குள் வரைந்து முடித்த ஒரு லெவல், போக வாசலில்லாமல் கிடக்கும்போது அதன் நிலையும் இதுதானே! 1988இல் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிறதர்ஸ் 3 கசற்றுக்குள் இப்படி 15 லெவல்கள் இருக்கின்றன.

எச்சம் என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது குருவி எச்சம் என்பது உண்மை. அக்காவும் அதைச் சொல்லித்தான் மறுத்தா. அதனால்தான் தனியே விடாமல் 'நிரலெச்சம்' என்கிறேன். பள்ளிப் பாடநூலில் கொம்பியூட்டர் புரோகிராமைச் செய்நிரல் என்று படித்த பிள்ளைக்கு நிரல் விளங்கும். 'ஆட்டெச்சம்' என்று மட்டும் ஆக்கிவிடக் கூடாது, கேட்பவர் ஆட்டுப்பட்டியை நினைப்பார்.

வேண்டாததை ஏன் வெட்டி எறியாமல் விட்டார்கள் என்று மருமகன் கேட்டான். அது நல்ல கேள்வி. பழைய கசற்றுக்குள் இருக்கும் சிப்பில் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு முகவரி உண்டு. நடுவில் ஒரு துண்டை உருவினால் அதற்குப் பின்னால் உள்ளவை இடம் மாறும். எங்காவது ஒரு முகவரி பிழைத்தால் விளையாட்டு நின்றுபோகும். சோதித்து முடித்ததை, விற்கும் நாள் நெருங்கும்போது யாரும் கிளற விரும்பமாட்டார்கள். சிப்புகளும் குறித்த அளவுகளில்தான் வரும், கொஞ்சம் எடுத்தாலும் காசு மிச்சமில்லை. ஆகவே பொருளை விட்டுவிட்டு, அதற்குப் போகும் வழியை மட்டும் அடைக்கிறார்கள்.

வன்னிக் காட்டுக்குள் விறகுக்கோ தேனுக்கோ போனவர்களுக்கு இது புதிதல்ல. மரங்களுக்கு நடுவே திடீரென்று நீண்ட மண்மேடு ஒன்று வரும். அதன்மேல் பாலையும் வீரையும் ஓங்கி நிற்கும். அது பழைய குளக்கட்டு. போகும் வழி காடாகிவிட்டது, கட்டை யாரும் வெட்டி எடுக்கவில்லை. 'தூர்ந்த குளம்' என்ற சொல்லையே எடுப்போமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசுக்கு நெருக்கமான சொல்தான், ஆனாலும் விட்டுவிட்டேன். தூர்ந்த குளத்தில் ஒருகாலம் நீர் நின்றது, வயல் விளைந்தது. நிரலெச்சம் ஒருநாளும் ஆட்டக்காரன் கைக்கு வந்ததில்லை.

கரந்துறைக்கும் நிரலெச்சத்துக்கும் நடுவில் நிற்பதும் உண்டு. 1996இல் வந்த போக்கிமோன் விளையாட்டில், சோதனைக்கான நிரலை நீக்கியபோது கிடைத்த 300 பைட் அளவான இடத்தில், ஷிகெக்கி மொரிமோட்டோ 'மியூ' என்ற உயிரியைக் கடைசி நேரத்தில் சேர்த்தார். வைத்தது வேண்டுமென்றே, ஆனால் ஆட்டக்காரர் எடுக்க வழி வைக்கவில்லை. ஒரு வழுவினால் அது சிலருக்குத் தென்பட்டது. நான் இதை எச்சத்தின் பக்கம்தான் சேர்ப்பேன். கரந்துறைக்குத் தேடுபவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

சொனிக் 2இல் அந்த மெட்டு மட்டுமல்ல, 'ஹிடின் பலஸ்' என்ற ஒரு லெவலையே விற்பனைக்கு முன் கைவிட்டிருந்தார்கள். வெளிவருமுன் இருந்த ஒரு சோதனைப் பிரதி பின்னர் கைமாறியபோது, அது அரைகுறையாக அதில் தெரிந்தது. 2013இல் கைத்தொலைபேசிக்காக விளையாட்டைத் திரும்பச் செய்தவர்கள் அந்த லெவலைக் கட்டி முடித்து உள்ளே சேர்த்தார்கள். குகை லெவலில் முன்பு விழுந்தால் செத்துப்போகும் ஒரு முட்கிடங்கு உண்டு. இப்போது அதற்குள் விழுந்தால் ஹிடின் பலஸுக்குப் போகலாம். காடு பிடித்துக் கிடந்த வவுனிக்குளத்தைக் கடந்த நூற்றாண்டில் கட்டித் திருத்தித் தண்ணீர் விட்டது என் நினைவுக்கு வந்தது.

மருமகன் அந்தக் கிடங்குக்குள் இரண்டு தரம் விழுந்து பார்த்தான்.

"அப்ப இனி இதை எச்சம் எண்டு சொல்லேலாது, மாமா."

"பின்ன?"

"முற்று."