போமட் அடித்தாலும் போகாதது எது?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ புது லப்டொப் வாங்கப் போனால், பில் போடும்போதே கேட்பார்கள்: "தம்பி, இதில கம்பனி ஏத்தி அனுப்பின குப்பை நிறையக் கிடக்கும். போமட் அடிச்சுப் புது விண்டோஸ் போட்டுத் தரட்டா? சும்மா பறக்கும்." கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ கம்பஸ் போகவிருக்கும் பிள்ளைக்காக வாங்க வந்த வீட்டார், "சரி, செய்து தாங்க" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். குப்பை என்று நாம் சொல்வது, கம்பனி முன்பே ஏற்றி அனுப்பும் வேண்டாத மென்பொருளை. அது ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதை நீக்கினால் போதுமா, போமட் வேண்டுமா, போமட்டுக்கும் அசையாதா என்பது தீரும்.

அது ஏன் வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. மலிவு லப்டொப்பில் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். வைரஸ் தடுப்பு நிறுவனமும் விளையாட்டு நிறுவனமும் தங்கள் மென்பொருளை ஏற்றி அனுப்பப் பணம் கொடுக்கின்றன. முப்பது நாள் இலவசம் முடிந்து நீங்கள் சந்தா கட்டினால் அதிலும் ஒரு பங்கு போகலாம். விலை குறைந்த மொடல்களில் இது கூடுதலாகத் தெரிவதன் காரணம் அதுதான்.

இனி உள்ளே போவோம். புது லப்டொப்பில் ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து பாருங்கள். 256 ஜிபி என்று வாங்கிய எஸ்.எஸ்.டி அங்கே 238 ஜிபி சொச்சமாகத் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அந்த நீளப் பட்டை பல துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். முதலில் 100 முதல் 260 எம்பி வரை ஒரு சின்னத் துண்டு. கணினி எழும்பும்போது முதலில் வாசிக்கும் கோப்புகள் அதில் இருக்கின்றன. அடுத்து உங்களுக்குத் தெரிந்த சி டிரைவ். அதற்குப் பின்னால் ஒரு ஜிபி அளவில் விண்டோஸின் மீட்புத் துண்டு. சில கம்பனிகளின் லப்டொப்பில் இதற்கும் அப்பால் பத்து இருபது ஜிபிக்கு இன்னொரு துண்டு இருக்கும். தொழிற்சாலையில் ஏற்றிய நிலையின் முழுப் பிரதி அதற்குள் உண்டு. நீங்கள் திட்டித் தீர்க்கும் அத்தனை மென்பொருளும் அந்தப் பிரதியிலும் இருக்கின்றன.

சி டிரைவிலேயே இரண்டு வகை. பழைய பாணி மென்பொருள் ஒன்றை அன்இன்ஸ்டோல் செய்தால், அதை எழுதியவர் கூடவே கொடுத்த நீக்கும் நிரல்தான் ஓடுகிறது. அது எவ்வளவு நேர்மையோ அவ்வளவுதான் துப்பரவு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் சில வரிகளும், பின்னணியில் ஓடும் சேவை ஒன்றும், நேரம் குறித்து எழும்பும் பணி ஒன்றும் விட்டுப்போவது வழமை. விட்டுப்போன வரிகள் வேகத்தைக் குறைக்காது. அவற்றைத் துடைப்பதாகச் சொல்லும் 'கிளீனர்'களைப் போடாமல் இருப்பதே நல்லது. விட்டுப்போன சேவைதான் வேகத்தைத் தின்னும்.

ஸ்டார்ட் மெனுவில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஸ்டோர் செயலிகள் மற்ற வகை. இவற்றின் மூலப் பொதி கணினிக்குள் ஒரு பொது இடத்தில் இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் அதிலிருந்து பதிந்து கொடுக்கப்படும். நீங்கள் நீக்கும்போது உங்கள் கணக்கில் இருந்து மட்டும் போகிறது. தங்கச்சிக்கென்று இன்னொரு கணக்குத் திறந்தால் அவள் முதல் முறை உள்ளே வரும்போதே அதே விளையாட்டு அவளுக்குக் காத்திருக்கும். மூலப் பொதியை எடுக்க வேண்டுமானால் நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் வேறு கட்டளை கொடுக்க வேண்டும்.

உண்மையில் லப்டொப்பை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்: சோதனைக் கால வைரஸ் தடுப்பு. அது இயங்குதளத்தின் கருவுக்குள் ஒரு வடிகட்டி டிரைவரை நட்டுவைக்கிறது. எந்தக் கோப்பைத் திறந்தாலும், நகலெடுத்தாலும், அந்தக் கோரிக்கை இந்த வடிகட்டியைத் தாண்டித்தான் எஸ்.எஸ்.டிக்குப் போகும். 4 ஜிபி ராம் உள்ள லப்டொப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாதாரணமாக நீக்கினால் இந்த டிரைவர் சிலவேளை அசையாது; அதனால்தான் பெரிய வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியையும் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. நீக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக எழும்பிக் காவலுக்கு வந்துவிடும். பல புது லப்டொப்புகளுக்கு இந்த ஒரு வேலையே போதும் என்பது என் கட்சி.

சரி, போமட்டுக்கு வருவோம். ஊரில் 'போமட்' என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது இரண்டு வேறு வேலைகள். ஒன்று, செட்டிங்ஸுக்குள் போய் 'ரீசெட்' கொடுப்பது. மற்றது, பென்ட்ரைவில் இருந்து கணினியை எழுப்பி, துண்டுகளை அழித்து, மைக்ரோசொஃப்டின் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. ரீசெட், விண்டோஸின் கோப்புகளைப் புதுப்பித்துவிட்டு, கம்பனி தன் மென்பொருளுக்கென்று ஒதுக்கிவைத்த பொதியையும் பிரித்துத் திரும்பப் போடக்கூடியது. கடைசித் திரைகளில் 'முன்பே நிறுவிய செயலிகளை மீட்கவா' என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். அதற்கு வேண்டாம் என்று சொல்லாமல் அடுத்தடுத்து அமுக்கிப் போனவர்களுக்கு எல்லாம் பழையபடி வந்து நிற்கும். தொழிற்சாலைப் பிரதியில் இருந்து மீட்டாலும் இதே கதை. களைவிதை கலந்த விதைநெல்லை வைத்துக்கொண்டு வயலை எத்தனை முறை உழுதாலும் அடுத்த போகத்தில் களை முளைக்கத்தானே செய்யும்.

பென்ட்ரைவ் வழி சுத்தமானது. அது எவ்வளவு முக்கியம் என்பதை 2015 பெப்ரவரியில் உலகம் பார்த்தது. லெனோவோவின் சில மொடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏற்றி விற்கப்பட்டிருந்தது. பூட்டுச் சின்னம் உள்ள பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக, அது, எந்தத் தளம் அசல் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழ் ஒன்றைத் தன் சொந்தமாகச் செய்து விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதற்குரிய இரகசியச் சாவி எல்லா லப்டொப்பிலும் ஒன்றே. அதன் கடவுச்சொல்லை ஓர் ஆய்வாளர் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சாவி கையில் இருந்தால், அதே வைஃபையில் இருக்கும் ஒருவன் போலி வங்கித் தளத்தைக் காட்டினாலும் பிரவுசர் பச்சைக் கொடி காட்டும். மென்பொருளை அன்இன்ஸ்டோல் செய்தவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. சான்றிதழ் அங்கேயே கிடந்தது. அதைத் தனியாகத் தேடி நீக்க வேண்டியிருந்தது. மைக்ரோசொஃப்டின் பிரதியைக் கொண்டு துடைத்து ஏற்றியவர்கள் தப்பினார்கள். வழக்கு 2017 இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஓர் உடன்பாட்டில் முடிந்தது.

அதே 2015 இல் அதே கம்பனியில் வெளிவந்த இரண்டாவது சங்கதி இன்னும் சுவையானது. சில லப்டொப்புகளில், எஸ்.எஸ்.டியை முழுதாகத் துடைத்து சுத்தமான விண்டோஸ் போட்டாலும் கம்பனியின் மென்பொருள் திரும்ப வந்தது. அது எஸ்.எஸ்.டியில் இருக்கவில்லை. மதர்போர்டில் உள்ள பயோஸ் சிப்பில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் நிரல் இருக்கும் சிப்பில், இருந்தது. கணினி எழும்பும்போது, விண்டோஸ் கோப்புறையில் உள்ள டிஸ்க் சோதனை நிரல் யாருடையது என்று பயோஸ் பார்க்கும்; மைக்ரோசொஃப்டுடையது என்றால் அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிடும். மிச்சத்தை அது இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ளும். பயோஸைப் புதுப்பித்துத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

இதற்கு மைக்ரோசொஃப்டே ஒரு முறையான கதவு வைத்திருக்கிறது. விண்டோஸ் 8 காலம் தொட்டு, பயோஸ் தன் நினைவகத்தில் ஒரு நிரலை வைத்து விண்டோஸிடம் நீட்டலாம். விண்டோஸ் எழும்பும்போது அதை வாங்கி ஓட்டும். களவுபோன லப்டொப்பைத் தேடும் மென்பொருள், போமட் அடித்த பிறகும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நியாயம் இதற்குச் சொல்லப்பட்டது. அசூஸ் மதர்போர்டு வாங்கியவர்கள் சுத்தமான விண்டோஸ் போட்ட முதல் நிமிடத்திலேயே 'ஆர்மரி கிரேட் போடவா' என்று அசூஸின் சொந்தக் கருவிக்காக ஒரு பெட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பார்கள். அதை நிறுத்தும் பொத்தான் பயோஸ் அமைப்பில் இருக்கிறது. இந்த அடுக்குக்குப் போமட் எட்டவே எட்டாது.

பயோஸுக்குள் இருக்கும் இன்னொரு பொருள் நமக்கு நல்லது செய்கிறது. விண்டோஸோடு விற்கப்பட்ட லப்டொப்பில், 25 எழுத்துள்ள அசல் லைசன்ஸ் சாவி பயோஸிலேயே எழுதப்பட்டிருக்கும். எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும் அமைப்பு நிரல் அதைத் தானே வாசித்து, விண்டோஸின் ஹோம் பதிப்பு என்றால் ஹோமையே தெரிவுசெய்து, இணையம் கிடைத்ததும் செயற்படுத்திவிடும். நீங்கள் ஒன்றும் தட்டச்ச வேண்டியதில்லை. கடையில் பலவேளை நடப்பது வேறு. எல்லோருக்கும் அடிக்கும் ஒரே பென்ட்ரைவில் இருந்து களவு ப்ரோ பதிப்பு ஏறும். அதைச் செயற்படுத்த, லைசன்ஸ் பூட்டை உடைக்கும் ஒரு கிராக் ஓடும். கிராக்கைப் பிடித்துவிடுமே என்று டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியும் விடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் விண்டோஸ் பயோஸில் சும்மா தூங்க, மேலே களவு விண்டோஸ் ஓடுகிறது. எனக்குக் கடுப்பேற்றும் இடம் இதுதான். லப்டொப்போடு ஆஃபிஸும் சேர்த்து வாங்கியிருந்தால் நட்டம் இன்னும் கூடும்; அதை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் குறித்த காலத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும், களவு ஆஃபிஸ் ஏறிய பிறகு அது யாருக்கும் நினைவுக்கு வராது. உங்கள் லப்டொப்பில் ஏற்கனவே இது நடந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஹோம் பதிப்பைச் சுத்தமாக ஏற்றினால் சாவி பழையபடி வேலை செய்யும்.

நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால், குறைந்தது 8 ஜிபி பென்ட்ரைவும் ஐந்து ஜிபிக்கு மேல் டேட்டாவும் வேண்டும். இரவு நேர டேட்டா மிச்சம் இருந்தால் இறக்குவதற்கு அதுவே தோது. துடைப்பதற்கு முன்பு அந்த மொடலுக்குரிய வைஃபை டிரைவரைக் கம்பனித் தளத்தில் இருந்து எடுத்துப் பென்ட்ரைவில் போட்டுவையுங்கள். விண்டோஸ் 11 நடுவழியில் இணையம் கேட்டு நிற்கும். வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் இணையம் இல்லை, இணையம் இல்லாவிட்டால் டிரைவர் இல்லை. அப்போது போனை யுஎஸ்பி வயரில் மாட்டி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். இன்டெலின் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் உள்ள சில லப்டொப்புகளில் இன்னொரு திகில் உண்டு: எஸ்.எஸ்.டியே இல்லை என்று திரை சொல்லும். எஸ்.எஸ்.டி பழுதாகவில்லை. அது இன்டெலின் விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குரிய டிரைவரைப் பென்ட்ரைவில் இருந்து ஏற்றினால் உடனே தெரியும்.

கம்பனி போட்டதெல்லாம் குப்பையும் இல்லை. பற்றரியை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி, விசிறி வேகம், மேல் வரிசை விசேட பொத்தான்கள் எல்லாம் பெரும்பாலும் கம்பனியின் கருவி இருந்தால்தான் ஓடும். பகல் முழுக்கச் சார்ஜரில் மாட்டிவைத்துப் பாவிப்பவர்கள் அந்த 80 வீத வரம்பை இழக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்குப் பற்றரியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. சுத்தமாக ஏற்றினால் இந்தக் கருவியை மட்டும் கம்பனித் தளத்தில் இருந்து திரும்ப எடுத்துப் போடுங்கள்.

மைக்ரோசொஃப்டின் சுத்தமான பிரதியும் முழுச் சுத்தம் என்று எண்ண வேண்டாம். இணையம் கிடைத்ததும் அதுவும் ஸ்டார்ட் மெனுவில் ஸ்பொட்டிஃபை, டிக்டொக் போன்றவற்றைக் கொண்டுவந்து அடுக்கும். எதை அடுக்குவது என்பது நீங்கள் தெரிவு செய்யும் நாட்டைப் பொறுத்தது. விண்டோஸ் 11 ஏற்றும்போது நேரமும் நாணயமும் கேட்கும் இடத்தில் 'இங்கிலிஷ் வேர்ல்ட்' என்பதைக் கொடுத்தால் எந்த நாட்டுக்கு என்ன அனுப்புவது என்று தெரியாமல் அது வெறுங்கையோடு நின்றுவிடும் என்பதைப் பலர் 2023 அளவில் கண்டுகொண்டார்கள். நடுவில் ஒரு பிழைச் செய்தி வரும். அதைத் தாண்டிப் போய், எல்லாம் முடிந்த பிறகு செட்டிங்ஸில் நாட்டை இலங்கை என்று மாற்றிக்கொள்ளலாம்.